ஒன்பதாவது நிபந்தனை

பேசத் தெரியாதவன் ரகசியம் காப்பான் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை ஒரே மாலையில், மைக் வைத்து, பொய்யாக்கியவன் நான்.

திருவனந்தபுரத்தில் ஒரு கோர்ட்டு வளாகத்துக்குள், வக்கீல்கள் சங்க ஹாலை ஒட்டி எனக்கு ஒரு சாயாக்கடை, அதாவது டீக்கடை, இருக்கிறது. அதே ஊர் ஆரியசாலையில் பிறந்தவன், படிப்பு அஞ்சாம் கிளாஸ், அதுவும் தமிழில். மலையாளம் பேசுவேன், பஸ் போர்டு வாசிப்பேன், அவ்வளவுதான். கூச்சமோ அளவுக்கு மிஞ்சியது. (சாயா உண்டா என்றால் தலையாட்டுவேன். வடை தீர்ந்துவிட்டதா என்றாலும் தலையாட்டுவேன். கேட்டவர்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும்.) ஆனால் யாருக்கு எந்தச் சாயா என்பதில் மட்டும் எனக்கு ஒருநாளும் பிழை வந்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. கடை உரிமையைச் சங்கம்தான் வருஷாவருஷம் புதுப்பித்துத் தரவேண்டும். சங்கத் தலைவர் ராஜசேகரன் நாயர் சார், சிவில் வக்கீல், சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருக்குச் சர்க்கரை போடாத விதவுட், நல்ல ஸ்ட்ராங். தினமும் கொடுத்தனுப்புவேன், தினமும் பாதி கிளாஸ் திரும்பி வரும், கூடவே ஒரு தீர்ப்பும் வரும். பால் இரண்டு தடவை கொதித்திருக்கிறது, தேயிலை நேற்றையது என்று. அத்தனையும் உண்மையாகவே இருக்கும், அதுதான் எரிச்சல். இந்தத் தடவை கடையை வேறு ஆளுக்குக் கொடுப்பது பற்றி திங்கள்கிழமை கமிட்டியில் பேசப்போகிறோம் என்று சொல்லியும் விட்டார். வீட்டில் என் மனைவி செல்வியும் இரண்டு வயது மகளும் இருந்தார்கள். கடை போனால் சாலைக் கம்போளச் சந்தையில் மூட்டை தூக்கத்தான் போகவேண்டும். (என் உடம்பைப் பார்த்தால் மூட்டைதான் என்னைத் தூக்கும்.)

அதற்கு முந்தைய சனிக்கிழமை சங்கத்தின் ஆண்டு விழா. செக்ரட்டரி பிரதீப் வக்கீல், சின்ன வயசு, உற்சாகக்காரர். ஒரு விளையாட்டு வைத்தார். கறுப்புக் கோட்டு போடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் என்ன வேலை பார்த்தார்கள் என்று பெயர் இல்லாமல் வாசிப்பது. யார் என்று ஹால் கண்டுபிடிக்க வேண்டும். ரகசியமாகக் கேட்டு எழுதிவைக்க ஒரு ஆள் வேண்டுமே? வாயே திறக்காதவன் என்று என்னைப் பிடித்தார்.

ஒவ்வொருவராகச் சாயா குடிக்கிற சாக்கில் வந்து, காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரை நடுங்கவைக்கிற ஒரு கிரிமினல் வக்கீல், வீடு வீடாகச் சோப்புத்தூள் விற்றவர். கோர்ட்டு பெஞ்சு கிளார்க், நாடகத்தில் பெண் வேஷம் கட்டினவர். கோர்ட்டு நீதிபதி முன்சீப் சாரின் அறைக்குச் சாயா கொண்டுபோனபோது அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார்: பிரைவட் பஸ் கண்டக்டர். ஹாலில் எல்லாரையும் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன்.

கடைசியாக ராஜசேகரன் சார் வந்தார். தலைவரே விலகி நின்றால் நன்றாக இருக்காதே. அடுப்பைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார். “கல்லாறு. சாயாக்கடையில சாயா அடிச்சேன். ஆறு வருஷம்.” பிறகு என்னைப் பார்த்தார். “பேர் வராதல்லோ?”

“வராது சார்,” என்றேன். திரும்பி வந்த அரை கிளாஸ்களுக்கெல்லாம் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

பெயர் எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் விடை சரியா என்று பார்க்க எனக்கு ஒரு அடையாளம் வேண்டும். கடை நோட்டில், தமிழில், ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அவரவர் குடிக்கிற சாயாவை எழுதிவைத்தேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. வக்கீல்களின் வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள். பிரதீப் சார் மைக் முன்னால் நின்று என் நோட்டைத் திறந்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அண்ணாச்சி, இங்க மேடையில கேறி வரணும். இது உங்க தமிழ்,” என்றார்.

எப்படி மேடைக்குப் போனேன் என்று தெரியாது. தலையைத் தூக்கினால் விழுந்துவிடுவேன் என்று தோன்றியதால் தூக்கவே இல்லை. நோட்டில் இருந்ததை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தேன்.

“கட்டன்சாயா, எலுமிச்சை ரெண்டு சொட்டு. பஸ் கண்டக்டர்.”

அந்த வளாகத்தில் எலுமிச்சை விட்டுக் கட்டன் குடிப்பவர் ஒரே ஒருவர். சிறப்பு விருந்தினராக மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்சீப் சார் உட்கார்ந்தபடியே, “படியில நிக்காதீங்க, உள்ள நீங்கி நில்லுங்க,” என்று அசல் கண்டக்டர் குரலில் கூவினார். ஹால் அதிர்ந்தது.

நான் நன்றாக வாசிப்பதால் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தைரியம் வந்துவிட்டது. சோப்புத்தூளை வாசித்தேன். பெண் வேஷத்தை வாசித்தேன். அடுத்த வரி:

“விதவுட், ஸ்ட்ராங், பாதி திருப்பி அனுப்புவார். கல்லாறில் சாயா அடித்தவர், ஆறு வருஷம்.”

இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. ஒரு நாற்காலி பின்னால் தள்ளப்பட்ட சத்தம்தான் கேட்டது. அப்போதுதான் தலையைத் தூக்கினேன். ராஜசேகரன் சார் முன்வரிசையிலிருந்து எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தார். அவர் மகள் பின்னாலேயே ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் சாப்பிடவில்லை. செல்வி திட்டக்கூட இல்லை. (திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.) திங்கள் காலை எட்டு மணிக்கு, எடுத்துப் போகலாம் என்று கிளாஸ்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன். ராஜசேகரன் சார் தனியாக வந்து நின்றார்.

“அஞ்சரை வருஷம்தான். அன்னைக்கு நான் ஆறுன்னு சொல்லிட்டேன்,” என்றார். “வாக்குக் கொடுத்தீரு.”

கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தேன். வாயில் வந்தது இதுதான்: “பேர் சொல்லலையே சார்.”

“நல்ல பாயிண்ட்,” என்றார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

வீட்டில் அவர் மகளுக்கு அந்தக் கதை தெரியாதாம். சனிக்கிழமை ராத்திரி ஒன்றும் கேட்காமல், அப்பா எனக்கு ஒரு சாயா அடித்துத் தாங்க என்று மட்டும் சொன்னாளாம். நாளைக்கு ஆகட்டும் என்று தள்ளிவிட்டாராம்.

“இருபத்தெட்டு வருஷம் ஆச்சு அண்ணாச்சி. கைக்கு நினைவிருக்கான்னு பாக்கணும்.”

முதல் சாயா பாதி தரையிலும் பாதி அவர் வெள்ளைச் சட்டையிலும் விழுந்தது. துணியை நீட்டினேன். இரண்டாவதும் சிந்தியது. மூன்றாவது, மேல் கையிலிருந்து கீழ் கைக்கு ஒரு முழம் நீளத்துக்கு, ஒரு சொட்டு விலகாமல் இறங்கியது. அப்போது அவர் முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்றுதான் சொல்லவேண்டும்.

சாயங்காலம் உரிமைத்தாள் வந்தது. ஒரு வருஷத்துக்குப் புதுப்பித்திருந்தார்கள். எப்போதும் எட்டு நிபந்தனைகள் இருக்கும். அதற்குக் கீழே புதிதாக ஒன்பதாவதை டைப் அடித்திருந்தார்கள்: கடைக்காரரை எந்த நிகழ்ச்சியிலும் மைக்கின் அருகே அனுமதிக்கக் கூடாது.

தலைவர்கள் எத்தனையோ பேர் மாறிவிட்டார்கள். அந்த ஒன்பதாவதை மட்டும் இன்றுவரை யாரும் எடுக்கவில்லை. வீட்டில் விருந்தாளிகள் முன்னால் நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் செல்வி ஒன்பது விரலைக் காட்டுவாள்.

போன வருஷம் கிழக்கேகோட்டையில் ஒரு மண்டபத்தில் மகள் கல்யாண வரவேற்பு. பெண்ணின் அப்பா இரண்டு வார்த்தை பேசட்டும் என்று யாரோ என் கையில் மைக்கைத் திணித்தார்கள். இரண்டாம் வரிசையிலிருந்து, எண்பது வயதுக் குரல் ஒன்று எழுந்தது.

“அப்ஜெக்ஷன்.”

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ராஜசேகரன் சார் உட்கார்ந்து, கையிலிருந்த சாயாவை ஒரு வாய் குடித்தார். பாதி கிளாஸை அப்படியே பரிமாறுகிறவனிடம் திருப்பி நீட்டினார்.