பதினோராவது தோட்டா

பத்துத் தோட்டா அண்ணாச்சியைப் பற்றி இன்று ஊரில் வழங்கும் கதைகள் அவரை வெறும் கோமாளியாக்கிவிட்டன. உடனிருந்து கண்டவன் என்ற முறையில் நடந்ததை எழுதிவைப்பது என் கடமை. அரசாணையை அரசைக் காட்டிலும் உறுதியாக நம்பிய மனிதர் தாமிரபரணிக் கரையில் அவர் ஒருவரே.

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடியில் அவருக்கு வாழைத்தோட்டம் இருந்தது. காட்டுப்பன்றிகளை வெடியோசையால் விரட்ட ஒற்றைக்குழல் துப்பாக்கிக்கு உரிமம் பெற்றிருந்தார். ஒரே வேளையில் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்பது நிபந்தனை. நாள்தோறும் எண்ணுவார். அவர் மகளைப் பெண் பார்க்க வந்தோர்கூட எண்ணிச் சரிபார்த்த பின்னரே காப்பி அருந்தினர்.

தேர்தல் வந்தது. உரிமதாரர் அனைவரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். மனு எழுத என்னையும் அழைத்துச் சென்றார். துப்பாக்கியையும் பத்துத் தோட்டாக்களையும் கொடுத்தவர், சுட்டு முடிந்த வெற்றுக் கூடுகளையும் ஒப்படைப்பேன் என்று பையைக் கவிழ்த்தார். அவற்றிடையே ஒன்று கனத்து விழுந்தது. முன்பொருநாள் வெடிக்காமற்போனதைச் செலவானதாகக் கருதிப் பையில் போட்டிருக்கிறார்.

“அது செத்த தோட்டா, அண்ணாச்சி. எடுத்துப் பைக்குள்ளயே போடும்,” என்றார் காவல் நிலைய ரைட்டர்.

“செத்துட்டுன்னு யாரு வே சொன்னா? என்கிட்ட வெடிக்கல, அவ்வளவுதான்.”

“அப்பம் ஆத்துல வீசிட்டுப் போம்.”

“மீனுக்கு லைசென்சு இருக்கா வே?”

ரைட்டர் குரலைத் தாழ்த்தினார். “எழுதினா லைசென்ச நிறுத்தி வச்சிருவாவ. வாழை குலை தள்ளுத நேரம். பன்னி சும்மா விடுமா?”

அண்ணாச்சி அந்தத் தோட்டாவை எடுத்து மற்றப் பத்தின் வரிசையில் வைத்தார். பிறகு, “பதினொண்ணுன்னே எழுதும்,” என்றார்.

தேர்தல் முடிந்தது. மற்றவர் துப்பாக்கிகள் வீடு திரும்பின, அவருடையது திரும்பவில்லை. அந்திதோறும் தகரத்தைத் தட்டியபடி, மனப்பாடமாயிருந்த உரிம நிபந்தனைகளையே தோட்டத்தில் உரக்க முழங்கினார். பன்றிகள் அவற்றுக்குக் கட்டுப்படவில்லை. பாதித் தோட்டம் சாய்ந்தது.

விசாரணையில் அதிகாரி கேட்டார்: “யாரும் கேக்கலியே, நீங்களா ஏன் சொன்னீங்க?”

“நிபந்தனைக்குக் கீழ பன்னி கையெழுத்துப் போடலய்யா. நான் போட்டிருக்கேன்.”

அதிகாரி சிரித்தார், பின்னர் சிரிப்பை நிறுத்திவிட்டு, அன்றே உரிமத்தைத் திருப்பியளிக்க ஆணையிட்டார்.

இதில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்தியருள்க. முதல் ஆளாய் வந்து திருத்தக்கூடியவர் இப்போது இல்லை.