மயிலாப்பூர் தண்ணீரில் பருப்பு வேகுமா?

வீடு வாங்கப் போகிறவர்கள் பத்திரம் பார்ப்பார்கள், வில்லங்கம் பார்ப்பார்கள், வாஸ்து பார்ப்பார்கள். நான் குக்கரை எடுத்துக்கொண்டு போனேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

அப்போது ஆதம்பாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். போர்வெல் தண்ணீர், ஒரே உப்பு. குளித்தால் தலைமுடி தேங்காய் நாராகிவிடும். துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாது. அந்த வீட்டில் நான் வைத்த சாம்பாரைப் பற்றி என் கணவர் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. (சொல்லாததுதான் விமர்சனம்.) சொந்த வீடு என்று ஒன்று வாங்கினால், அங்கே பருப்பு வேக வேண்டும். என் நிபந்தனை அது ஒன்றுதான்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய ஃபிளாட் ஒன்று வந்தது. எங்கள் சக்திக்கு எட்டிய விலை. இதை விட்டால் மயிலாப்பூரை மறந்துவிட வேண்டியதுதான். வீட்டுக்காரர் ரிட்டயரானவர். மனைவி இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை; இனி மகனோடு போய் இருக்கப் போகிறார். ஆனால் வருகிறவர்களையெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"பெர்சு கொஞ்சம் ஒரு மாதிரி மேடம். வாயத் தொறக்காம வூட்டப் பாத்துட்டு வந்துடுங்க," என்று புரோக்கர் எச்சரித்திருந்தார்.

வாயைத் திறக்கவில்லை. பையைத்தான் திறந்தேன்.

"தண்ணிய பாட்டில்ல புடிச்சு லேபுக்குக் குடுத்தா முடிஞ்சுது. எதுக்கு இந்தக் கூத்து?" என்று கணவர் காதருகே வந்து சீறினார். லேபில் இருப்பவருக்குச் சாம்பார் வைக்கத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டேன். (அந்த வயதில் எனக்கிருந்த தன்னம்பிக்கையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.)

"சார், உங்க குழாய்த் தண்ணியில கொஞ்சம் பருப்பு வெச்சுப் பாக்கட்டுமா?"

வீட்டுக்காரர் என்னையும் குக்கரையும் மாறி மாறிப் பார்த்தார். "சிலிண்டர்ல கேஸ் இருக்கான்னு தெரியலை. நேக்கு மெஸ்ஸுலேர்ந்துதான் சாப்பாடு வரது," என்றார். முடியாது என்று சொல்லவில்லை.

கேஸ் இருந்தது. விசிலும் வந்தது. அடுப்பை அணைத்தேன், வாசல் மணி அடித்தது. அதே புரோக்கர், இன்னொரு பார்ட்டியைக் கையோடு கூட்டி வந்திருந்தார்! இவர்கள் முந்திக்கொண்டு அட்வான்ஸை நீட்டிவிட்டால்? ஆவி அடங்கக் காத்திருக்கப் பொறுமையில்லை. கரண்டியை விட்டு மூடியை நெம்பினேன்.

டமார் என்று ஒரு சத்தம். என் முகம் தப்பியது யார் செய்த புண்ணியமோ. சீலிங், ஜன்னல், சுவர், எல்லாம் மஞ்சள். சமையலறைக்கு நேர் எதிரே மாலை போட்டு மாட்டியிருந்த அவர் மனைவியின் படத்திலும் பருப்பு.

"இன்னா சார், வூட்டுக்குள்ள குண்டு கிண்டு வெச்சிட்டாங்களா?" என்றார் புரோக்கர். கூட வந்த பார்ட்டி கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டது.

வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முதலில் மனைவியின் படத்தைத் துடைத்தார். அவசரப்படாமல், கண்ணாடியின் மூலை வரைக்கும் துடைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீடு போனால் போகட்டும், இந்த மனிதர் என்னை நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது.

படத்தைத் துடைத்து முடித்தவர், சுவரில் ஒட்டியிருந்த ஒரு பருப்பை எடுத்து விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தார்.

"நன்னா வெந்திருக்கும்மா," என்றார்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். "வந்தவா எல்லாரும் இந்தச் சமையல்கட்டை இடிச்சு ஹாலோட சேக்கணும்னே சொன்னா. அவ நாள் பூரா நின்ன இடம். நீ ஒருத்திதான் இங்க சமைச்சுப் பாக்கணும்னு கேட்டே."

வீட்டை எங்களுக்கே கொடுத்தார். சீலிங்குக்கு வெள்ளையடிக்கும் செலவு மட்டும் எங்களுடையது என்றார்.

மகன் வீட்டுக்குப் போன பிறகும் அவ்வப்போது போன் செய்வார். சௌக்கியம் விசாரிப்பதற்கு முன்னால், "பருப்பு வேகறதோ?" என்றுதான் கேட்பார். போன கோடையில் எங்கள் போர்வெல் தண்ணீரும் உப்பாகிவிட்டது. இப்போது எங்கள் சமையலே கேன் தண்ணீரில்தான். அவர் போன் வந்தால் கணவரும் பிள்ளைகளும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு என்னைச் சுற்றி நின்றுவிடுவார்கள்.

நான் குரல் பிசகாமல் சொல்வேன்: "வெண்ணெயாட்டம் வேகுது சார்."