பாடகர் பிளிட்ஸ் ஓடிப்போன கதை

"முதல் வரிசை பதினாலு சீட்டும் பிளிட்ஸ் குடும்பம்மா!"

வாசலில் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஸாடோக்ஸ், மேடைக்குப் பின்னால் ஓடிவந்து மூச்சிரைத்தார்.

ஆம்ஸ்டர்டாம் யூதப் பண்பாட்டு மன்றத்தில் இது ஹடசாவின் முதல் சொற்பொழிவு. நன்றாகப் பேசினால் வருடம் முழுவதும் மேடை உண்டு. சொதப்பினால் பழையபடி ஆவணக் காப்பகத்தில் தூசி தட்ட வேண்டியதுதான். பேசப்போகும் விஷயமோ, நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஜெபக்கூடத்துப் பாடகர் ஹார்டோக் பிளிட்ஸ், பெருநோன்பு தொடங்கும் மாலையில் மதகுரு ரபியின் வீட்டுச் சமையல்காரியோடு ஓடிப்போன கதை. ஊரே ஒரு நாள் பட்டினி என்றால், அன்று ரபிக்கு மட்டும் இரண்டு நாள் பட்டினி.

நல்லவேளை, அழைப்பிதழில் பெயர் இல்லாமல் 'ஓடிப்போன பாடகர்' என்று மட்டும்தான் போட்டிருந்தார்கள்.

"நடுவுல உக்காந்திருக்காங்களே ரொசெட் பிளிட்ஸ், பொல்லாதவங்க. போன வருஷம் அவங்க மாமாவைக் கஞ்சன்னு சொன்ன பேராசிரியர் இன்னிக்கு வரைக்கும் இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கல."

"பேரே சொல்லாம சமாளிச்சிடறேன் சார்."

"என்னமோ பண்ணு. என்னை இழுக்காதே."

மேடையேறினாள்.

"ஒரு பாடகர் இருந்தார்..."

"பேரு?" என்றது ஒரு குரல். பெயரும் குடும்பமும் சொல்லாமல் இந்தச் சபையில் ஒரு கதை நகருமா?

"டி... டி விரீஸ்!"

ஏழு கைகள் உயர்ந்தன. "எந்த டி விரீஸ்? எங்க பெரியப்பா வழியா?" என்று ஒருவர் கோபமாகக் கேட்டார்.

ஹடசா அவசரமாகச் சமாளித்தாள். "இந்த ஊர்க்காரர் இல்லீங்க. ராட்டர்டாம்லேர்ந்து வந்தவர்."

பின்வரிசையில் ஒரு தடித்த மனிதர் எழுந்தார். "ராட்டர்டாம்னா இளக்காரமா? எங்க ஊர்ப் பாடகருங்க நாப்பது வருஷம் பாடியே கொல்லுவாங்க, ஓட மாட்டாங்க!"

சபை சிரித்தது. ரொசெட் அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. இமைக்காமல் ஹடசாவையே பார்த்துக்கொண்டிருந்தார். வாரிசே இல்லாத ஆளாக ஆக்கிவிட்டால் யாரும் சண்டைக்கு வர முடியாதே என்று அவளுக்குத் தோன்றியது.

"உண்மையில அவர் யார்கூடவும் ஓடலீங்க!" என்று கத்தியேவிட்டாள். "தனியாத்தான் போனார். கடைசிவரை கல்யாணமே பண்ணிக்கலை. பிள்ளை குட்டி கிடையாது. அப்படியே செத்துப்போனார்!"

ரொசெட் அம்மாள் மெல்ல எழுந்தார். அவரோடு மற்ற பதின்மூன்று பேரும் எழுந்தார்கள். ஸாடோக்ஸ் கதவுப் பக்கம் நழுவினார்.

"ஏம்மா, எங்க கொள்ளுத்தாத்தா பிளிட்ஸ் அந்தச் சமையல்காரியை இழுத்துக்கிட்டு ஓடின கதையைச் சபையில பெருமையா கேக்கணும்னு பதினாலு பேரும் ரயிலேறி வந்தா, எங்க எல்லாரையும் அப்பன் பேர் தெரியாதவங்களா ஆக்கிட்டியே!"