பைகள் பத்திரமாக இருக்கின்றன, மாப்பிள்ளை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றி என்னிடம் விட்டுப்போன உங்கள் தோல் பைகள் இரண்டும் எங்களைவிடச் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் அதேபோல் இருக்க வேண்டும்.

புறப்படும்போது, "மாமா, நான் திரும்பி வர்ற வரைக்கும் பையில ஒரு கீறல் விழாம பாத்துக்குங்க" என்றீர்கள். ஆயுள் முழுக்கக் கிடங்குக் காப்பாளராக இருந்து, ஒரு மூட்டையின் ஓரம்கூட நசுங்க விடாதவனிடம் சொல்கிற சொல்லா இது? இருந்தாலும் மாப்பிள்ளை பேச்சாயிற்றே என்று வேலையில் இறங்கினேன். முதலில் பிளாஸ்டிக் உறையில் கட்டினேன், உள்ளே வியர்த்துவிட்டது. துடைத்து, மின்விசிறிக்கு அடியில் காயவைத்து (அன்று எங்களுக்குக் காற்றில்லை), கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன்; வார் இழுபட்டு நீளும்போல் இருந்தது. வண்டியில் எப்படி உட்காருமோ அப்படியே உட்கார்ந்தால்தான் அதற்கு நிம்மதி என்று கண்டுபிடித்து, இஸ்திரி மேசையை விரித்துப் படுக்கையறையில் நிறுத்தி, இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, மேலே பழைய பருத்திப் போர்வையைப் போர்த்தினேன். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டம்மா, "குதிரை எப்ப வாங்குனீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து நாங்கள் கசங்கின துணிதான் உடுத்துகிறோம்.

அப்புறம் பார்த்தால், வெறும் பை வயிறு ஒட்டிப்போய்த் தொங்குகிறது. மடிப்பு விழுந்தால் தோல் வெடிக்குமே என்று செய்தித்தாளைக் கசக்கித் திணித்தேன்; மை ஒட்டும் என்று பயந்து அதை உருவிவிட்டுத் தலையணைகளைத் திணித்தேன்; மறுநாள் உங்கள் அத்தைக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது, தலையணைகள் பறிமுதல். கடைசியில் பழந்துணி. ஒரு பை நிறைந்தது; இன்னொன்றில் ஒரு மூலை மட்டும் பள்ளம். வேலை மும்முரத்தில் மூச்சு வாங்கியதால் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தேன்; வியர்த்ததால் சட்டையையும் கழற்றியிருந்தேன். அந்தச் சட்டைதான் கைக்குக் கிடைத்தது. சுருட்டி மூலையில் அடைத்து, மூடியை அமுக்கினேன். டக். அமுக்கினால் தானே பூட்டிக்கொள்ளும் என்று நீங்கள் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சாவி உங்களிடம். பல் உங்கள் பையில்.

பல்லு போனா சொல்லு போச்சுன்னு சும்மாவா சொன்னாங்க? உடனே உங்களுக்குப் போன் பண்ணினேன் மாப்பிள்ளை. நான் என்ன கத்தினாலும், "சரிங்க மாமா, ரொம்ப சந்தோஷம் மாமா"ன்னு சொல்லி வச்சுட்டீங்க. நீயாவது பேசேன்னு உங்க அத்தைகிட்ட ஜாடை காட்டினேன். "இதெல்லாம் கடுதாசில எழுதுறதுதாங்க மரியாதை"ன்னுட்டா. ஒரு கத்தி இருந்தா ஒரு நிமிஷ வேலை. ஆனா கீறல் விழக்கூடாதே! வர்ற ஞாயித்துக்கிழமை எங்க பழைய மேலாளருக்குப் பிரிவுபசார விழா, நன்றியுரை நான்தான். எந்தப் பல்லை வச்சு நன்றி சொல்ல? தயவுபண்ணிச் சாவியை உடனே அனுப்பி வைக்கவும். ஒரு கிடங்குக் காப்பாளரின் மானம் உங்கள் கையில் இருக்கிறது.

மகளுக்கு என் ஆசிகள். உங்கள் வண்டி என்றும் வழுக்காமல் ஓடட்டும்.

பொக்கை வாய் நிறைய வாழ்த்தும்,
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனபோது உங்கள் அத்தை சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "மாப்பிள்ளை கிளம்புறப்பவே என்கிட்ட குடுத்துட்டுத்தாங்க போனாரு." ஏன் சொல்லவில்லை என்று கையை விரித்தேன். "வீடு எவ்வளவு அமைதியா இருந்துச்சு! நன்றியுரை இருக்கேன்னுதான் மனசு கேக்காம எடுத்துத் தர்றேன்" என்கிறாள். திறந்தாயிற்று. பல் சேதமில்லை. பையிலும் சொன்னபடி ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் நான் அடைத்த அடைப்பில், அந்த மூலைத் தோலில் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் உள்ளிருந்து அச்சாகப் பதிந்திருக்கின்றன. யாராவது கேட்டால் நாய் கடித்தது என்று சொல்லிக்கொள்ளுங்கள். மாமனார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.