காற்றோட்ட மக்காச்சோளம்

உலகில் இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட நிர்வாக முறைகளில் தலைசிறந்தது எது என்று யாராவது கேட்டால், தெற்கு டகோட்டாவில் என் மாமனார் வெர்லின் ஹோவ்லண்டின் பண்ணையில் நடப்பதுதான் என்று கூசாமல் சொல்வேன். அங்கே வேலையைப் பிரித்துக் கொடுப்பது மனிதன் அல்ல, துப்பாக்கி.

ஏப்ரல் கடைசி ஞாயிறு, சர்ச் முடிந்து வந்ததும் குடும்பம் கொட்டகைக்குப் பின்னால் கூடும். மண்மேட்டுக்கு முன்னால் ஐந்து தக்காளி டப்பாக்கள். ஆளுக்கு ஐந்து குண்டு. யார் குறைவாக அடிக்கிறாரோ அவருக்குப் 'பழுதுபார்ப்பு இலாகா'. அதாவது, குளிர்காலம் முழுக்கத் துருப்பிடித்துக் கிடந்த விதைப்பு மிஷினை அவர் சரிசெய்ய வேண்டும். மற்றவர்கள் 'மேற்பார்வைக் குழு'. நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஹாம் சாண்ட்விச் தின்றபடி மேற்பார்வையிடுவார்கள்.

இருபத்திரண்டு வருடமாக அந்த இலாகா என் மாமியார் ஆர்லிஸ் வசமே இருந்தது. ஐந்துக்குப் பூஜ்யம், வருடம் தவறாமல். இத்தனைக்கும் போன ஜனவரியில் கோழிக்கூண்டுப் பக்கம் வந்த நரியைச் சமையலறை ஜன்னலிலிருந்து ஒரே குண்டில் சாய்த்தவர் அவர். அடுப்பில் சூப் பொங்குவதற்குள் திரும்பியும் போய்விட்டார். அது 'தற்செயல்' என்று குழு ஏகமனதாக முடிவு செய்தது.

"மறுபடியும் கோட்டை விட்டுட்டியே, ஆர்லிஸ்" என்பார் மாமா ஆறுதலாக. "பரவாயில்ல, உனக்கு ஸ்பானர்தான் ராசி."

அத்தை மிஷினுக்கு அடியில் போய்ப் படுப்பார். சாயங்காலத்துக்குள் அது ஓடும்.

இந்த வருடம் ஒரு சிறு 'நிர்வாகச் சிக்கல்'. மிஷினுக்குச் சங்கிலி வாங்க அத்தையை, உதிரிபாகமும் விற்கும் ஊர் தானியக் கிடங்குக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கே மாமா நாலு பேரோடு காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"இருபத்திரண்டு வருஷம். ஒரு நாள் நின்னதில்ல என் மிஷின். எல்லாம் கைராசி."

"யார் கை?" என்று பின்னாலிருந்து கேட்டார் அத்தை.

மாமா திரும்பினார். "நீ எப்ப வந்த? எல்லாம் நம்ம கைதான்."

அத்தை சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

அடுத்த ஞாயிறு போட்டி. செவ்வாய்க்கிழமை பெரிய மழை என்று ரேடியோ சொல்லியிருந்தது. திங்களுக்குள் விதைக்காவிட்டால் வயல் சேறாகி இரண்டு வாரம் போய்விடும். மச்சான் ரோலி மூன்று டப்பாக்களை வீழ்த்தினான். நான் இரண்டு. மாமா ஒன்று.

"காத்து" என்றார் மாமா. கொடியில் காய்ந்த துணிகூட அசையவில்லை.

அத்தை துப்பாக்கியை எடுத்தார். ஐந்து குண்டு, ஐந்து டப்பா.

"அம்மா, இது எப்ப இருந்து?" என்றான் ரோலி.

"எப்பவும்தான். நீங்க கை வச்சா மிஷின் உருப்படாதுன்னு விட்டுக்கொடுத்தேன்." அத்தை நாற்காலியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார். "வெர்லின், இலாகா இனி உங்களுக்கு."

மாமா நாலு மணி நேரம் போராடினார். கழற்றியதையெல்லாம் வைக்கோல் கட்டும் கம்பியால் இறுக்கிக் கட்டினார். கடைசியில் நாலு போல்ட்டும் ஒரு பல்சக்கரமும் மிஞ்சின.

"இதெல்லாம் எங்க போகும் மாமா?"

"எங்கயும் போகாது மாப்ள. கம்பெனிக்காரன் எடைக்குப் போட்டிருக்கான்." ஆனாலும் குரல் இறங்கியது. "ஆர்லிஸ், ஒரு தடவ பாத்துடேன்."

"பாத்துட்டுதான இருக்கேன்" என்றார் அத்தை. மிஞ்சியவற்றை ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு மூடினார்.

திங்களன்று விதைக்கும்போது மிஷினின் எச்சரிக்கை மணி விடாமல் அடித்தது. மாமா அதன்மேல் தொப்பியைக் கவிழ்த்து நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்தார்.

மூன்று வாரத்தில் பயிர் முளைத்தது. ஆறு வரிசை மக்காச்சோளம், இரண்டு வரிசை வெறும் மண். மறுபடி ஆறு, மறுபடி இரண்டு. நெடுஞ்சாலை ஓரமாக நூற்றறுபது ஏக்கருக்கும் இதே கதை. ஞாயிறு மதியம் பிக்கப் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு அடுத்தவன் வரிசை நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் பக்கத்துப் பொழுதுபோக்கு. அந்த ஞாயிறு எங்கள் வேலியோரம் ஊர்வலமே போனது.

"என்ன வெர்லின், நடுநடுவுல ரெண்ட காணோம்?" என்றார் பக்கத்துப் பண்ணை ஓர்வில்.

மாமா அசரவில்லை. "காத்தோட்டம். புது முறை."

இதைத்தான் மேதைமை என்பது. பத்தே நாளில் 'காற்றோட்ட விவசாயம்' பற்றித் தானியக் கிடங்கில் கூட்டம் போட்டார்கள். நோட்டும் பேனாவுமாக முப்பது பேர் வந்தார்கள். வேர்கள் மூச்சு விடுவது பற்றி மாமா முக்கால் மணி நேரம் பேசினார்.

"இதுக்கு மிஷின்ல என்ன செய்யணும்?" என்று ஓர்வில் கேட்டார்.

அத்தை எழுந்து வந்து ஜாம் பாட்டிலை மேஜைமேல் வைத்தார். "இதக் கழட்டிடணும்."

ஓர்வில் பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது விதை விழ வைக்கிற சக்கரமாச்சே." பிறகு நிமிர்ந்தார். "அப்ப இத்தனை வருஷமா மிஷினச் சரி பண்ணினது யாரு?"

மாமாவின் காது சிவந்தது. "அது வந்து... ஒரு குழுவா."

"மாப்ள, நீங்க சொல்லுங்க" என்றார் அத்தை, என்னை நேராகப் பார்த்து.

முப்பது பேரும் திரும்பினார்கள். நான் எழுந்து தொண்டையைச் செருமி, அது குழுவின் கூட்டு முயற்சி என்றும், தனிநபர் பெயர் எதுவும் என் கவனத்துக்கு வரவில்லை என்றும் அறிவித்தேன்.

கல்யாணமான நாளிலிருந்து ஆறு வசந்தம், மிஷினுக்கு அடியில் அத்தைக்கு டார்ச் பிடித்தவன் நான்தான்.