லேசர் கண்ணும் வெறும் ஃபிரேமும்

நெல்லிவாசல்நாடு

அன்புள்ள மாப்பிள்ளை ஜீவானந்தம் அவர்களுக்கு,

மாதையன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி சாந்தம்மாளும் ஆடுமாடுகளும் ஜீப்பும் நலம். சந்தவாசலில் நீங்களும் என் தங்கை ரேணுகாதேவியும் நலமாக இருக்க வேண்டும். நான் செய்துகொண்டதுபோல் லேசரில் கண்ணைச் சரிசெய்துகொள்ளும் முன் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று போனில் கேட்டீர்கள். நான் "முதல்ல..." என்றதும் சிக்னல் போய்விட்டது. அதனால்தான் கடிதம்.

முதலில், எல்லாருக்கும் ஒத்துவராது. பவர் ஒரு வருடமாவது மாறாமல் நின்றிருக்க வேண்டும். கருவிழியின் தடிமனை அளப்பார்கள், மெலிசாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்குப் போதுமான தடிமன் என்றதும் சாந்தம்மாள், "தோலுதான் தடிப்புன்னு நெனச்சேன், கண்ணுமா?" என்றாள். சொட்டு மருந்தில் கண்ணை மரத்துப்போகச் செய்து, இமையை விரித்துப் பிடித்து, விளக்கைப் பாருங்கள் என்பார்கள். முடி கருகுவதுபோல் வாசனை வரும், பயப்படாதீர்கள், சில நிமிடம்தான். பாடு அதற்குப் பிறகுதான். கண்ணைக் கசக்கக் கூடாது, ஒரு வாரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, புகையும் தூசியும் ஆகாது. சாமை அடிக்கிற நாளில் தூசியில்லாத இடத்துக்கு நான் எங்கே போவேன்? கண் வறண்டுபோகும், மாதக்கணக்கில் மருந்து விட வேண்டும். இருட்டில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், அதனால் பொழுது சாய்ந்தால் நான் ஜீப் எடுப்பதில்லை. நாற்பதைத் தாண்டியவனுக்குப் படிக்கிற கண்ணாடி எப்படியும் வந்து சேரும். இதையெல்லாம் டாக்டரம்மா முன்பே சொன்னார், நானும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் சொல்லாதது ஒன்று உண்டு. ஓட்டலாம் என்று அவர் அனுமதித்த பிறகு, சந்தை நாளில் ஜமுனாமரத்தூருக்கு ஆளேற்றிப் போக ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினேன். பதினைந்து வருடமாக என் முன் சீட்டில் போகிற அம்மாக்கண்ணு புளி மூட்டையோடு ஏறி, என் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணாடி எங்கடா?"

"ஆபரேஷன் பண்ணிக்கினேம்மா, இனிமே வேணாம்."

"ஆபரேஷன் பண்ண கண்ண வச்சிக்கினு மலை ரோட்ல ஓட்றியா? எங்க அண்ணன் முகாம்ல பண்ணிக்கினு நாப்பது நாளு வூட்ட வுட்டு வெளிய வர்ல!"

அது கண்புரை ஆபரேஷன், இது வேறு என்றேன். கேட்டால்தானே? தூரத்துப் பாறையைக் காட்டி, "அங்க இன்னா நிக்குது, சொல்லு" என்றார்.

"ஆடு. செவல. ஒரு கொம்பு ஒடஞ்சிருக்குது."

அவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். "எனுக்கு ஒண்ணுந் தெரியல. பொய் சொல்றான், எறங்குங்க!"

பின்னால் ஏறியிருந்த மற்றவர்கள் பாறைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அம்மாக்கண்ணு சொன்னால் சொன்னதுதான். கதவைக் கயிற்றால் கட்டி ஓட்டுகிற குப்பனின் ஜீப்பில் போய் ஏறிவிட்டார்கள். மூன்று சந்தைக்கு என் ஜீப் காலி. பயந்துவிட்டேன் மாப்பிள்ளை, எனக்கு வேறு தொழில் தெரியாது. கடைசியில் பழைய கண்ணாடியைத் தேடி எடுத்து, கண்ணாடி வில்லைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் ஃபிரேமை மாட்டிக்கொண்டு போனேன். அடுத்த சந்தைக்குத் தொங்கிக்கொண்டு வந்தார்கள். மறுபடி கண்ணாடி மாட்டிக்கொள்ளத்தான் இத்தனை பாடும் என்றால் லேசர் எதற்கு? உங்களுக்கு வேண்டவே வேண்டாம். உங்கள் முகத்துக்குக் கண்ணாடி எடுப்பாகத்தான் இருக்கிறது.

தங்கைக்கு என் ஆசியும் சாந்தம்மாள் கொடுத்தனுப்பும் ஒரு படி சாமையும்.

இப்படிக்கு,
மாதையன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. நேற்று வழியில் கண் வறண்டதென்று ஜீப்பை நிறுத்தினேன், மறதியில் ஃபிரேமைக் கழற்றாமலே அதன் ஓட்டை வழியே மருந்தை விட்டுக்கொண்டேன். பக்கத்தில் அம்மாக்கண்ணு. தொலைந்தேன் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. ஃபிரேமுக்குள் விரலை விட்டுப் பார்த்து, "அப்போ அந்த ஆடு நெசமாவே நின்னுக்கினு இருந்திச்சா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ எங் கண்ணுதான் போச்சா?" என்றார். செவ்வாய்க்கிழமை அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். ஃபிரேமைப் பிடுங்கித் தன் சுருக்குப்பையில் போட்டுக்கொண்டு, "நீ வெறுங்கண்ணோடவே ஓட்டு" என்று சொல்லிவிட்டார். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், சந்தவாசலில் தயாராக நில்லுங்கள், உங்கள் கருவிழியையும் அளந்து பார்த்துவிடலாம். முன் சீட் அம்மாக்கண்ணுவுக்கு. நீங்கள் பின்னால்தான் உட்கார வேண்டும்.