கவுச்சி தொடாத மருமகள்

உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னால் இரண்டு நாளில் குணமாகிவிடலாம். பக்தி ஜாஸ்தி என்று பொய் சொன்னால் குணமே கிடையாது. பார்க்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து அதை வளர்த்துவிடுவார்கள். கல்யாணமான முதல் புரட்டாசியில் இதை நான் கற்றுக்கொண்டேன், நெற்றி நிறைய நாமத்தோடும் வாய் நிறைய நண்டோடும்.

எனக்குப் பிறந்த ஊர் காட்டூர். நெல் போடுகிற குடும்பம். சுரேஷுக்குக் கோட்டைக்குப்பம், மீன்பிடிக் குடும்பம். பொன்னேரியில் ஒரே காலேஜில் படித்தோம் (அவர் படித்தார் என்று சொல்ல முடியாது, வந்து போனார்). நாங்கள் விரும்பிய விஷயம் தெரிந்ததும் அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் பேசினார். "கடக்கரையில போயி எப்பிடிம்மா இருப்ப? அவங்க பழக்கம் வேற, நம்ம பழக்கம் வேற." நான் அழுதேன், அம்மா அழுதாள், கடைசியில் அப்பா சரி என்றார். சரி என்றாரே தவிர, மூக்கு மட்டும் சுளித்தபடியே இருந்தது.

சம்பந்தம் பேச சுரேஷ் வீட்டார் காட்டூருக்கு வந்தார்கள். மாமியார் கன்னியம்மா, பட்டுப்புடவையும் தட்டு நிறைய பழமுமாக. மாமனாரை ஊரே 'நைனா' என்றுதான் கூப்பிடும். சட்டை பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, மூச்சு விடக் கஷ்டப்பட்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு எங்கெங்கோ போய், அப்பா தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். எங்க வீட்ல புரட்டாசி முப்பது நாளும் கவுச்சி படாது. பொண்ணு அப்பிடியே வளந்துட்டா."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கே அது செய்தி. எங்கள் வீட்டில் புரட்டாசி சனிக்கிழமைகளில் மட்டும்தான் கிடையாது. மற்ற நாளெல்லாம் தாராளமாக நடக்கும். நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். அப்பாவின் மானம் என்று ஒன்று இருக்கிறதே!

கன்னியம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க வூட்லயும் அதேதாங்க. புரட்டாசி வந்தா சட்டிய கவுத்துடுவோம்."

நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பக்தியான மனுஷன் என்று நெகிழ்ந்துபோனேன். (டீ புரையேறிவிட்டதாம். பிற்பாடு சொன்னார்.)

ஆவணியில் கல்யாணம். அடுத்து வந்து நின்றது புரட்டாசி.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. புரட்டாசியில் மெட்ராஸே மீனை விட்டு விலகி நிற்கும். ஏலத்தில் விலை போகாது. அதனால் மற்ற மாதங்களில் வண்டியேறிப் போகிற பெரிய இறாலும் சேத்து நண்டும் அந்த மாதம்தான் மீன்காரர் வீட்டு அடுப்புக்கே வரும். குப்பத்துக்கு அது விருந்து மாதம். அப்பேர்ப்பட்ட மாதத்தில் எங்கள் வீட்டில் பீன்ஸ் பொரியல்!

அத்தைக்கு சாம்பார் வராது. அவர் வைத்தது மீன் போடாத மீன் குழம்பு. புளியும் மிளகாயும் பூண்டும் தயாராக நின்று, வரவேண்டியவர் வராமல் ஏமாந்து போயிருக்கும். "நல்லாக்குதா?" என்பார். "ரொம்ப நல்லாயிருக்கு அத்தை" என்பேன். எங்கள் வீட்டுப் பூனை இரண்டாவது வாரமே வேறு வீடு பார்த்துக்கொண்டது.

சுரேஷிடம் கேட்டேன். "நெஜமாவே உங்க வீட்ல இப்பிடித்தானா?"

"பின்ன? எங்கம்மா சின்ன வயசுலருந்தே இப்பிடித்தான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். தன் தலையில் கைவைக்கச் சொல்லி அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார் அத்தை. தவிர, அவருக்கு என்ன கஷ்டம்? அப்பாவும் பிள்ளையும் விடியற்காலையில் குப்பத்தை ஒட்டிய உப்பு ஏரிக்கு மீன்பிடிக்கப் போய்ப் படகிலேயே அடுப்பு மூட்டிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டே வீடு வருவார்கள். பாவம், வெறும் வயிற்றில் காற்று ஏறிவிட்டது என்று நான் சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுப்பேன். அதையும் குடிப்பார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு பீன்ஸ் தின்றிருந்தால் மாதம் ஓடியிருக்கும். எனக்குப் புகழ் பிடித்துவிட்டது. "கன்னியம்மா மருமவ சுத்த பத்தமாமே" என்று தெருவில் பேச்சு. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று துளசித் தண்ணீர் கேட்டு வந்தார்கள். கொடுத்தேன். காய்ச்சல் இறங்கியது (ஆஸ்பத்திரி மாத்திரையும் கொடுத்திருந்தார்கள், அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை, நான் உட்பட). அதற்குப் பிறகு என் நடை மாறிவிட்டது. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போன ஒரு அக்காவை நிறுத்தி, "மனசு அடங்கிட்டா நாக்கு தானா அடங்கிடும்க்கா" என்று அறிவுரை சொன்னேன். அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. என் கண்ணோ அவர் கூடையில் இருந்தது.

போதாததற்கு, மூன்றாவது சனிக்கிழமை தெருவே சேர்ந்து தளிகை போடலாம் என்று ஏற்பாடு செய்தேன். ஆண்கள் நாமம் போட்டு, சொம்பு ஏந்தி, வீடு வீடாக 'கோவிந்தா' சொல்லி அரிசி வாங்கி வரவேண்டும். அதைப் பொங்கிப் பெருமாளுக்குப் படைக்கவேண்டும். எங்கள் தெருவில் அதுவரை இல்லாத வழக்கம். காட்டூரிலிருந்து அப்பாவையும் வரச் சொன்னேன். மகள் கடற்கரையைத் திருத்திவிட்டாள் என்று அவர் பார்க்கவேண்டாமா?

அப்பா பஞ்சகச்சமும் பித்தளைச் சொம்புமாக வந்து இறங்கினார். கூட்டம் மேற்கே, ரோட்டுப் பக்கமிருந்து கிளம்பியது. நாங்கள் காய் நறுக்கி வைத்துவிட்டு அரிசிக்காகக் காத்திருந்தோம். "கோயில்ல மாலைக்குச் சொல்லிக்குது, வந்துச்சான்னு பாத்துட்டு வரேன்" என்று அத்தை கிளம்பிப் போனார்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

தெருவின் கிழக்குக் கோடியில் பச்சையம்மா அக்கா வீடு. தனி ஆள். அவருக்குச் சனியும் ஒன்றுதான், ஞாயிறும் ஒன்றுதான். மிளகு தட்டிப் போட்ட சேத்து நண்டு. காற்று அதை நேராக என் மூக்குக்குக் கொண்டுவந்து சேர்த்தது. நான் கணக்குப் போட்டேன். கூட்டம் மேற்கிலிருந்து வருகிறது, கடைசி வீடு பச்சையம்மா வீடு, வந்து சேர எப்படியும் நேரமாகும். தேங்காய்த் துருவி இரவல் வாங்கி வருகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு நடந்தேன். ஓடினேன் என்பதுதான் சரி.

வீட்டின் பின்பக்கம் ஓலைச் சார்ப்பில் சமையல். எட்டிப் பார்த்தேன்.

என் மாமியார் கன்னியம்மா, நெற்றியில் நாமம், முந்தானையை இடுப்பில் செருகி, சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு நண்டுக் காலைக் கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

படக் என்று ஓடு உடைகிற சத்தம்.

"மலரு..." என்றார் அத்தை. "நீ இன்னாத்துக்கு வந்த?"

"தேங்கா துருவி..."

"துருவி நம்ம வூட்லயே கீதேடி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அத்தை, எங்க வீட்ல சனிக்கெழமை மட்டும்தான் சாப்பிட மாட்டோம். அப்பா சும்மா சொன்னாரு."

அத்தை நண்டுக் காலை வாயிலிருந்து எடுத்தார். "அடிப்பாவி. உனுக்கோசரம்தானேடி நான் வாய கட்டிக்கினு கெடந்தேன்! எங்க வூட்ல புரட்டாசியாவது ஒண்ணாவது!"

பச்சையம்மா அக்கா இன்னொரு தட்டை எடுத்து வைத்தார்.

அந்த முதல் வாயை எழுத எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு நாளாக நெஞ்சில் கிடந்த கல்லோ, மிளகுக் காரத்தோடு கரைந்து இறங்கிற்று. அத்தை சதைப்பற்றான கொடுக்காகப் பார்த்து உடைத்து என் தட்டில் போட்டார். கல்யாணமாகி அன்றைக்குத்தான் நாங்கள் மாமியாரும் மருமகளுமாக உட்கார்ந்தோம் என்று தோன்றியது.

"கோவிந்தா! கோவிந்தா!"

வாசலில் குரல். அப்பா இருக்கிற இடத்தில் முறை என்று ஒன்று இருக்கும் என்பதை மறந்துவிட்டேன். ரோட்டோரம் இரண்டு வீடு முடிந்ததுமே, "கிழக்கேருந்துதான் ஆரம்பிக்கணும், அதான் முறை" என்று மொத்தக் கூட்டத்தையும் இந்தக் கோடிக்குத் திருப்பி அழைத்து வந்திருக்கிறார். நாங்கள் எழுவதற்குள் பச்சையம்மா அக்கா, யார் வந்தாலும் பின்பக்கம் கூப்பிடுகிற பழக்கதோஷத்தில், "அரிசி இங்கதான் கீது, பின்னாடி வாங்க சாமி!" என்று குரல் கொடுத்துவிட்டார்.

வந்தார்கள். முன்னால் அப்பா, பக்கத்தில் நைனா, பின்னால் சுரேஷும் தெரு ஆண்களும். எல்லார் நெற்றியிலும் நாமம். எங்கள் நெற்றியிலும் நாமம். நடுவில் நண்டுச் சட்டி.

அப்பாவின் முகம் கறுத்தது. "இதுக்குத்தான் நான் அன்னிக்கே சொன்னேன். ஒரே மாசத்துல எம்பொண்ணையும் உங்கள மாதிரி ஆக்கிட்டீங்களே!"

'உங்கள மாதிரி.' பின்னால் நின்ற ஆண்கள் தலை குனிந்தார்கள். சுரேஷ் நிமிர்ந்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். ஒரு வார்த்தை பதிலுக்கு வந்தால் அப்பா அந்தத் தெருவில் மறுபடி கால் வைக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

அத்தை குழம்புக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்தார். "எம்மேலதான் தப்பு சம்பந்தி. கொயந்த வேணாம் வேணாம்னுச்சு. நான்தான் வம்பு பண்ணி ஊட்டிட்டேன்."

அதுவரை எனக்குப் பயமாக மட்டும் இருந்தது. எனக்காக அவர் பொய் சொன்னதும் வெட்கமாகிவிட்டது. இந்த மாதம் முழுக்க நான் வாங்கிய நல்ல பெயரெல்லாம் எதற்கு என்று தோன்றியது. எழுந்து நின்றேன். வாயிலிருந்ததை முதலில் விழுங்கினேன்.

"அப்பா, போன புரட்டாசி செவ்வாக்கெழம நம்ம வீட்ல நெத்திலி வறுத்தாங்க. 'பக்கத்து வீட்டுக்கு வாசனை போவும், ஜன்னல சாத்து'ன்னு எங்கிட்ட சொன்னது யாரு?"

அப்பா சொம்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

நைனா அப்பாவின் பக்கம் திரும்பினார். கிண்டல் செய்யத் தெரியாத மனுஷன். உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகத்தோடு கேட்டார்:

"ஏன் சம்பந்தி, ஜன்னல சாத்துனா வாசன போவாதா?"

அப்பா யோசிக்காமல் சொன்னார்: "ஜன்னல் மட்டும் சாத்துனா பத்தாது. அடுப்புகிட்ட சாம்பிராணியும் போடணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முதலில் பச்சையம்மா அக்கா சிரித்தார், அப்புறம் சுரேஷ், அப்புறம் கூட்டம் முழுவதும். அப்பா கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். முடியவில்லை. அரிசிச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

ஓலைச் சார்ப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கடக்கரைக்குப் பொண்ண குடுக்கறேன்னு காட்டூர்ல ஒரு மாதிரி பேசினாங்கம்மா" என்றார் அத்தையிடம். "நாங்க ஒசத்தின்னு காட்டிக்கணும்னு இருந்துச்சு. வாய்ல பெருமாள் வந்துட்டாரு. இப்ப சொன்னதும் தப்புதான், மனசுல வெச்சிக்காதீங்க."

"நீங்க ஒசந்தா நாங்க எறங்கிப் போயிடுவமே, அதான் நானும் ஒரு போடு போட்டேன்" என்றார் அத்தை. "எங்க அம்மனுக்கு ஆடி மாசம் கூழோட கருவாட்டுக் கொயம்புதான் வெக்கறோம். ஒரு நாளாவது அவ மூஞ்சிய திருப்பிக்கினாளா? சாமிக்குள்ள தகராறு இல்ல சம்பந்தி. எல்லாம் நாம இஸ்துக்கினு வர்றது."

இவ்வளவு பேச்சுக்கு நடுவிலும் அரிசி வந்து சேர்ந்தது. அத்தையும் நானும் தலைக்குக் குளித்துவிட்டு வந்து தளிகை போட்டோம். அதைவிட நிம்மதியாக நான் என்றைக்கும் சாமி கும்பிட்டதில்லை. யாருக்கும் காட்டவேண்டியது இல்லாததால், கும்பிட மட்டும்தான் வேலை இருந்தது. நண்டு தின்றது சனிக்கிழமை என்பது மட்டும் உறுத்தியது, இன்றைக்கும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் சனிக்கிழமை தொட்டதில்லை, அத்தை உட்பட. அது அவராக எடுத்த முடிவு. அப்பா அன்றிரவு ஊருக்குத் திரும்பவில்லை. ஏன் என்று கேட்டால், "நாளைக்கு ஞாயித்துக்கெழமதானே" என்றார்.

இப்போது அவர் ஒவ்வொரு புரட்டாசியிலும் வருகிறார், சனி ஞாயிறு இரண்டு நாளும் தங்குகிற மாதிரி. போன வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உங்கள் வீட்டில் என்ன சாமி கும்பிடுவீர்கள் என்று வகுப்பில் கேட்டதற்கு என் மகள் எழுந்து நின்று, "சனிக்கெழம பெருமாள் மிஸ், ஞாயித்துக்கெழம நண்டு" என்றாளாம்.

"தப்பா சொல்லிக் குடுத்திருக்கீங்களே" என்றார் டீச்சர்.

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன். வீட்டில் சொன்னதும் அத்தை பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "கொயந்த சரியாத்தான் சொல்லிக்குது. அந்த டீச்சர ஒரு ஞாயித்துக்கெழமை இட்டாந்து வுடு."